‘ஒரே தோல்’ ஆட்டம்: ஸ்பெயின் 3, பிரேசில் 3. அப்புறம்?

வியாசை விங்கர்
27 மார்ச் 2024, காலை 4.50

ஆட்டம் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. தூக்கம் கண்ணைக் கட்டுகிறது, ஆனால் எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

பார்க்காதவர்களுக்காக: மாட்ரிட், சாண்டியாகோ பெர்னபேவ் மைதானம். ரோட்ரி பெனால்டியில் ஒன்று, டானி ஓல்மோ ஒன்று என்று ஸ்பெயின் இரண்டு கோல் முன்னால் போய்விட்டது. ஸ்பெயின் கோல்கீப்பர் தவறாக உதைத்த பந்தை பிரேசிலின் ரோட்ரிகோ அப்படியே திருப்பி உள்ளே அனுப்பினார். இடைவேளை முடிந்த கையோடு 17 வயது எண்ட்ரிக் சமன் செய்தார். 87ஆவது நிமிடத்தில் மறுபடி ரோட்ரி பெனால்டி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கூடுதல் நேரத்தில் பகெட்டா பெனால்டி. ஸ்பெயினின் 16 வயது லமீன் யமால் வலது ஓரத்தில் ஆடிய ஆட்டத்துக்குத் தனி இழையே போடலாம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இரண்டு நாட்டுச் சம்மேளனங்களும் சேர்ந்து ‘ஒரே தோல்’ என்ற முழக்கத்தோடு, இனவெறிக்கு எதிராக நடத்திய நட்பு ஆட்டம் இது. காரணம் ரியல் மாட்ரிட்டில் ஆடும் பிரேசில்காரர் வினீசியஸ் ஜூனியர். 2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்டாயா மைதானத்தில் கோலுக்குப் பின்னால் இருந்த கேலரியிலிருந்து அவரைக் குரங்கு என்று கத்தினார்கள். கத்தியவரை அவரே விரல் நீட்டி நடுவருக்குக் காட்டினார். ஆட்டம் நின்றது, திரும்பத் தொடங்கியது, கடைசியில் கைகலப்பு என்று சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனது அவர்தான். அந்த அட்டையைப் பிறகு ரத்து செய்தார்கள். மறுநாள் இரவு ரியோவில் மீட்பர் கிறிஸ்து சிலையின் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து வைத்தார்கள். அடுத்த மாதம் பார்சிலோனா பக்கத்தில் கினியாவோடு நடந்த நட்பு ஆட்டத்தில் பிரேசில் தன் வரலாற்றில் முதல்முறையாகக் கறுப்புச் சட்டை போட்டு முதல் பாதியை ஆடியது. அந்த வரிசையில் வந்ததுதான் நேற்றைய ஆட்டம்.

ஆட்டத்துக்கு முதல் நாள் செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்து அந்தப் பையன் அழுதான். பந்து ஆடுகிற ஆசையே குறைந்துகொண்டு வருகிறது என்றான். ஆனாலும் ஸ்பெயினை விட்டுப் போக மாட்டேன், போனால் அவர்கள் கேட்டதைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றான். ஒருமையில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். எங்கள் தெருப் பையன்களைப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

இப்படி ஒரு ஆட்டத்தால் பயன் உண்டா? உண்டு என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

மின்னல் 10
27 மார்ச் 2024, காலை 9.15

ஆட்டம் அருமை அண்ணா. எண்ட்ரிக் அடித்ததை மட்டும் பத்து தடவை திரும்பப் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். ஸ்பெயினின் முதல் பிரிவு லீக்கான லா லிகாவில் கறுப்பின ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏன் எப்போதும் வினீசியஸ் பெயரே அடிபடுகிறது? அவர் எதிரணியைச் சீண்டுவார், கேலரியைப் பார்த்துச் சைகை காட்டுவார், நடுவரிடம் ஓயாமல் முறையிடுவார். கத்துவது தப்புதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஸ்பெயின் இனவெறி நாடு இல்லை என்று ஸ்பெயின் ஆட்டக்காரர் கார்வஹாலே இந்த ஆட்டத்துக்கு முன்னால் சொன்னார், அவர் வினீசியஸோடு ஒரே அணியில் ஆடுபவர்.

லண்டன் குமரன்
27 மார்ச் 2024, மதியம் 2.40

தம்பி மின்னல், உன் கேள்விக்கு நேரே பதில் சொல்கிறேன். வினீசியஸ் பெயர் மட்டும் அடிபடவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இருக்க மறுக்கிறார், அதனால் உனக்கு அவர் பெயர் கேட்கிறது.

2004 நவம்பர் 17. இதே பெர்னபேவ் மைதானம், இதே மாதிரி ஒரு நட்பு ஆட்டம், ஸ்பெயினும் இங்கிலாந்தும். இங்கிலாந்தின் கறுப்பு ஆட்டக்காரர்கள் ஆஷ்லி கோல், ஷான் ரைட் பிலிப்ஸ் காலில் பந்து வரும்போதெல்லாம் கேலரியிலிருந்து குரங்குச் சத்தம். ஒரு மூலையிலிருந்து அல்ல, அலை அலையாக. ஸ்பெயின் 1-0 என்று வென்றது, அது யாருக்கு நினைவிருக்கிறது? ஃபிஃபா போட்ட அபராதம் ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க். அப்போது வினீசியஸுக்கு 4 வயது. அவர் யாரைச் சீண்டினார்?

2006 பிப்ரவரியில் சரகோசாவில், பார்சிலோனாவுக்கு ஆடிய கேமரூன்காரர் எட்டோ, கேலரியின் குரங்குச் சத்தம் பொறுக்காமல், ‘போதும்’ என்று சொல்லிவிட்டு மைதானத்தை விட்டு நடக்கத் தொடங்கினார். நடுவர், எதிரணி, சொந்த அணி, பயிற்சியாளர் ரைகார்ட் என்று எல்லோரும் சுற்றி நின்று தடுத்து ஆட வைத்தார்கள். அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவமானப்பட்டவரைச் சமாதானம் பண்ணி ஆட வைக்கப் பத்துப் பேர் வந்தார்கள். கேலரியைக் காலி பண்ணச் சொல்ல ஒருவரும் இல்லை. சரகோசாவுக்கு 9,000 யூரோ அபராதம்.

விங்கர் அண்ணை சொன்னதற்கு வருகிறேன். நேற்று ஆட்டம் நடந்த அதே புல்தரையில், 20 வருடத்துக்கு முன்னால் நடந்ததை நான் தொலைக்காட்சியில் பார்த்தவன். அந்த மைதானத்தில் ‘ஒரே தோல்’ என்று எழுதி வைத்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எழுதி வைத்தவர்களில் ஒருவராவது 2004ஐப் பற்றிப் பேசினார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நெல்லை நடுவர்
27 மார்ச் 2024, இரவு 8.05

மாவட்ட அளவில் 14 வருடமாக விசில் ஊதுகிறேன். நடுவர் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

இதற்கென்று மூன்று படி விதி இருக்கிறது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் இரு அணியையும் உடைமாற்றும் அறைக்கு அனுப்பி வைக்க வேண்டும். திரும்பி வந்தும் தொடர்ந்தால் ஆட்டத்தைக் கைவிட வேண்டும். மெஸ்டாயாவில் முதல் படியோடு நின்றது. பெரும்பாலும் எங்கேயும் முதல் படியைத் தாண்டுவதில்லை.

ஏன் தாண்டுவதில்லை? விசில் வாயில் இருக்கிறவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். 40,000 பேரை வெளியே அனுப்ப வேண்டும், வாசலில் என்ன நடக்கும்? ஒளிபரப்புக்காரர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் எனக்கு ஆட்டம் கொடுப்பார்களா? இத்தனையும் அந்த அரை நிமிடத்தில் ஒரு மனிதன் தலைக்குள் ஓடும். நட்பு ஆட்டத்தில் வாசகம் பிடித்து நிற்கிற 22 பேருக்கு இந்தப் பாரம் கிடையாது. இது அவர்கள் குற்றம் இல்லை. ஆனால் சோதனை நடக்கிற இடம் வேறு என்று சொல்ல வருகிறேன்.

லண்டன் குமரன்
28 மார்ச் 2024, மாலை 6.20

நடுவர் ஐயா, சோதனை நடக்கிற இடம் வேறு என்றீர்கள். அந்த வார்த்தையை விடாமல் ஒரு பழைய கதை.

1979 மே. இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் லென் கான்டெல்லோவுக்காக ஹாதார்ன்ஸ் மைதானத்தில் ஒரு பாராட்டு ஆட்டம் வைத்தார்கள். நீண்ட காலம் ஆடிய ஆட்டக்காரருக்கு டிக்கெட் வசூலைக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். கூட்டம் வர வேண்டும் என்று ஒரு யோசனை செய்தார்கள். ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக்காரர்கள், இன்னொரு பக்கம் முழுக்கக் கறுப்பர்கள். இன்று கேட்டால் காது கூசும். நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் தெருத்தெருவாக ஊர்வலம் போன காலம் அது. கறுப்பு அணி 3-2 என்று வென்றது.

அதில் ஆடிய சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்காம், பிரெண்டன் பாட்சன் மூவரும் ஆல்பியனில் ஒன்றாக ஆடியவர்கள். அவர்கள் தலையில் வாழைப்பழம் விழாத வெளியூர் மைதானம் குறைவு. ரெஜிஸ் இங்கிலாந்து அணிக்குத் தேர்வானபோது தபாலில் துப்பாக்கிக் குண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பாராட்டு ஆட்டத்தில் சந்தோஷமாகத்தான் ஆடினார்கள். அதுவரை சிதறிக் கிடந்த கறுப்பு ஆட்டக்காரர்கள் முதல்முறையாக ஒரே உடைமாற்றும் அறையில் பதினொரு பேராக உட்கார்ந்தார்கள் அல்லவா. அந்த ஆட்டத்தை வைத்தவர்களுக்கு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. பயன் எங்கிருந்தோ வந்தது.

இன்னொன்று. அந்தக் கோடையில் கன்னிங்காமை ரியல் மாட்ரிட் வாங்கியது. பெர்னபேவில் மாட்ரிட் சட்டை போட்ட முதல் ஆங்கிலேயர் ஒரு கறுப்பு இளைஞர். 1989இல் மாட்ரிட்டிலேயே கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார், 33 வயது. நேற்று முன்தினம் அந்த மைதானத்தில் அவரை ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம். எனக்கு அதுதான் குறை.

மின்னல் 10
28 மார்ச் 2024, இரவு 11.30

குமரன் அண்ணா, 2004 விஷயம் எனக்குத் தெரியாது. அப்போது நான் பிறந்து கொஞ்ச நாள்தான். அந்த ஆட்டத்தின் துண்டுக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். சத்தத்தை வைத்துக்கொண்டு முழுசாகப் பார்க்க முடியவில்லை.

வினீசியஸ் சீண்டுகிறார் என்று நான் சொன்னதைத் திரும்பப் படித்தேன். சீண்டினால் ‘திமிர் பிடித்தவன்’ என்று திட்டலாம். தோலைப் பிடித்து ஏன் திட்ட வேண்டும்? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வியாசை விங்கர்
31 மார்ச் 2024, காலை 10.10

மனசு சரியில்லை. நேற்று ஸ்பெயினில் நடந்ததைப் படித்தீர்களா?

மூன்றாம் பிரிவு ஆட்டம். செஸ்டாவ் ரிவர் என்ற பாஸ்க் ஊர் அணியும், மாட்ரிட் பக்கத்து ராயோ மஹதாஹோண்டாவும். ராயோவின் கோல்கீப்பர் செனகல்காரர் சேக் சார். அவர் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருவர் இனவெறியோடு திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பொறுக்க முடியாமல் சார் கேலரிப் பக்கம் போய் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். நடுவர் சாருக்குச் சிவப்பு அட்டை காட்டிவிட்டார். ராயோ அணி மொத்தமும், ‘இவர் இல்லாமல் நாங்கள் ஆட மாட்டோம்’ என்று வெளியேறிவிட்டது.

அதே நாளில் முதல் பிரிவில் கெட்டாஃபே மைதானத்தில் செவில்லாவின் அகுன்யாவை ‘குரங்கு’ என்றும், பயிற்சியாளர் கீக்கே பிளோரஸை ஜிப்சி என்றும் கத்தியிருக்கிறார்கள்.

26ஆம் தேதி ‘ஒரே தோல்’. 30ஆம் தேதி இது. நான்கு நாள். நான் தொடங்கிய இழையில் நானே எழுதியதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஆதிரை
31 மார்ச் 2024, மதியம் 12.45

விங்கர் அண்ணா, மனசு விட வேண்டாம். ஆனால் ராயோ அணிக்கு என்ன தீர்ப்பு வருகிறது என்று பாருங்கள். அங்கேதான் தெரியும்.

நான் சட்டம் படித்தவள், விளையாட்டு வழக்குகளைத் தொடர்ந்து படிக்கிறேன். ஸ்பெயினில் ஒரு சிக்கல் இருக்கிறது. லா லிகா என்கிற அமைப்பு தானாக ஒரு கேலரியை மூட முடியாது. புகார் மட்டும்தான் கொடுக்க முடியும். தண்டனை கொடுப்பது சம்மேளனத்தின் குழு, அரசின் வன்முறைத் தடுப்பு ஆணையம், அல்லது நீதிமன்றம். வினீசியஸ் விஷயத்தில் லா லிகா அடுக்கடுக்காகப் புகார் கொடுத்தது. 2022 செப்டம்பரில் அட்லெட்டிகோ மைதானத்துக்கு வெளியே கூட்டமாகப் பாடிய வழக்கை, சில விநாடிகள்தான் நீடித்தது, கடும் போட்டிச் சூழலில் நடந்தது என்று சொல்லி அரசு வழக்கறிஞர் அலுவலகம் மூடிவிட்டது.

விநாடிக் கணக்கு பார்த்து மூடினார்கள் என்பதைப் படித்தபோது கோபத்தில் கை நடுங்கியது. குரங்கு என்று சொல்ல எத்தனை விநாடி வேண்டும்?

ஆதிரை
5 ஏப்ரல் 2024, மாலை 5.30

தீர்ப்பு வந்துவிட்டது. ஆட்டம் செஸ்டாவுக்கு 3-0 வெற்றி. ராயோவுக்கு 3 புள்ளி கழிவு, 3,006 யூரோ அபராதம். சேக் சாருக்கு 2 ஆட்டத் தடை. செஸ்டாவுக்கு 6,001 யூரோ அபராதம், 2 ஆட்டத்துக்கு மைதானத்தில் பார்வையாளர்களுக்கு இடமில்லை.

இரண்டு பக்கமும் தண்டனை கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் புள்ளி போனது திட்டு வாங்கினவர் அணிக்கு. புள்ளி வந்தது மற்ற அணிக்கு.

நெல்லை நடுவர்
5 ஏப்ரல் 2024, இரவு 9.00

விதிப்படி பார்த்தால், கேலரிக்குப் போய்ப் பார்வையாளர் மேல் கை வைத்தவருக்குச் சிவப்பு அட்டைதான். மைதானத்தை விட்டுப் போன அணிக்குத் தோல்விதான். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அட்டையைக் காட்டியிருப்பேன். இதை எழுத எனக்கு வெட்கமாகவே இருக்கிறது, ஆனால் பொய் சொல்லக் கூடாது.

அப்படியென்றால் கோளாறு எங்கே? அந்தக் கோல்கீப்பர் கேலரிக்குப் போவதற்கு முன்னாலேயே விசில் ஊதியிருக்க வேண்டும். முதல் படி அங்கே வந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் எழுந்து நடக்கிற வரைக்கும் சட்டம் உட்கார்ந்திருந்தால், அப்புறம் சட்டம் எழுந்து வரும்போது அவர் மேல்தான் பாயும்.

2013 ஜனவரி 3 நினைவுக்கு வருகிறது. இத்தாலியின் ஏ.சி. மிலன் புஸ்தோ ஆர்சிசியோ என்ற சின்ன ஊரில் ப்ரோ பாட்ரியா அணியோடு ஆடிய நட்பு ஆட்டம். 26ஆவது நிமிடம், கேலரியின் இனவெறிக் கத்தல் பொறுக்காமல் மிலனின் கறுப்பு ஆட்டக்காரர் கெவின் பிரின்ஸ் போவாட்டெங் பந்தைக் கையில் எடுத்துக் கேலரியை நோக்கி ஓங்கி உதைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு நடந்தார். மிலன் அணி மொத்தமும் பின்னாலேயே போனது. ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதுவும் நட்பு ஆட்டம்தான் என்பதைக் கவனியுங்கள். முழுசாக நடந்த எத்தனை விழிப்புணர்வு ஆட்டங்களை நாம் மறந்துவிட்டோம், பாதியில் நின்ற இந்த ஆட்டம் பதினோரு வருடம் கழித்தும் பேச்சில் இருக்கிறது. ஓடிப்போவது தீர்வு இல்லை என்று அப்போதைய ஃபிஃபா தலைவர் பிளாட்டர் சொன்னார். அதற்கப்புறம் இனவெறிக்கு எதிராக ஒரு பணிக்குழு போட்டார்கள், போவாட்டெங்கையும் சேர்த்தார்கள். 2016இல் வேலை முடிந்தது என்று சொல்லிக் கலைத்துவிட்டார்கள்.

சரவணன் கே
6 ஏப்ரல் 2024, காலை 7.25

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மூன்று வருடம் கேப்டவுனில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

2007 ஜூலை 18, மண்டேலாவின் 89ஆவது பிறந்தநாள். கேப்டவுன் நியூலேண்ட்ஸ் மைதானத்தில் ‘மண்டேலாவுக்காக 90 நிமிடங்கள்’ என்று ஒரு நட்சத்திர ஆட்டம் நடந்தது. ஆப்பிரிக்க அணியும் உலக அணியும். எட்டோ வந்தார், பீலே வந்தார். அதுவும் 3-3 தான். இனவெறிக்கு எதிரான காட்சி ஆட்டங்களில் இதைவிடப் பெரிய பெயர்கள் சேர்ந்தது அபூர்வம்.

அதே நாளில் ஃபிஃபா இன்னொன்றும் செய்தது. மக்கானா கால்பந்துச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. அது நாடு இல்லை, நகரம் இல்லை. ராபன் தீவுச் சிறைக்குள் கைதிகள் நடத்திய லீக்.

நான் படகில் போய்ப் பார்த்திருக்கிறேன். கல்லுடைக்கிற குவாரியும் பார்த்தேன், அந்த மைதானமும் பார்த்தேன். பந்து ஆட அனுமதி வேண்டும் என்று கைதிகள் வருடக்கணக்கில் வாரா வாரம் விண்ணப்பித்தார்கள். கேட்டதற்காகவே சாப்பாட்டை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் வேறொருவர் போய்க் கேட்டார். 1960களின் பிற்பகுதியில் அனுமதி கிடைத்ததும் அவர்கள் செய்த முதல் வேலை விதி எழுதியதுதான். ஃபிஃபா விதிப்படி ஆட்டம், பிரிவுகள், புள்ளிப் பட்டியல், நடுவர் குழு, மேல்முறையீடு, எல்லாம் கையால் எழுதிய காகிதத்தில். பின்னால் நாட்டின் அதிபரான ஜேக்கப் ஜூமா அங்கே நடுவராக இருந்தார். மண்டேலாவைத் தனிப்பிரிவில் வைத்திருந்ததால் அவருக்கு ஆடும் உரிமை கிடையாது. அந்தத் தீவில் 10 வருடம் அடைபட்டிருந்தவர்களில் ஒருவர் இந்திரேஸ் நாயுடு, காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவின் பேரன். நம் ஆட்கள் ரத்தமும் அந்த மண்ணில் இருக்கிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், தென்னாப்பிரிக்காவை மாற்றியது நட்சத்திர ஆட்டம் இல்லை. நிறவெறிக் கொள்கைக்காக ஃபிஃபா 1961இல் அந்த நாட்டை இடைநீக்கம் செய்தது, நடுவில் கொஞ்ச காலம் தளர்த்தியது, 1976இல் ஒரேயடியாக வெளியேற்றியது. 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளை அணியும் 1970க்குக் கறுப்பு அணியும் அனுப்புகிறோம் என்று கூட அந்த நாட்டுச் சம்மேளனம் சொல்லிப் பார்த்தது. கடைசியில் 1992 ஜூலையில் டர்பனில் கேமரூனோடு ஆடித்தான் திரும்பி வந்தார்கள். டாக்டர் குமாலோ பெனால்டி, 1-0. ஆட விடாமல் நிறுத்தி வைத்தது பலித்தது. 2007 ஆட்டம் அந்த வெற்றிக்குக் கொண்டாட்டம். கொண்டாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வென்ற பிறகு கொண்டாட வேண்டும், ஸ்பெயினில் வெல்வதற்கு முன்பே கொண்டாடிவிட்டார்கள்.

வியாசை விங்கர்
6 ஏப்ரல் 2024, மாலை 4.15

சரவணன், நீங்கள் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு உங்களைத் திட்ட வேண்டும். கடைசி வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாட்ரிட் ஆட்டம் கொண்டாட்டம் இல்லை. ஆட்டத்துக்கு முதல் நாள் அழுதவனைக் கொண்டாட்டக்காரன் என்று எப்படிச் சொல்வது? அவன் பேசிய அந்தச் சில நிமிடத்தை உலகம் முழுக்கக் கேட்டதற்குக் காரணம், மறுநாள் அந்த ஆட்டம் இருந்ததுதான். சாதாரண லீக் ஆட்டத்துக்கு முன்னால் இத்தனை கேமரா வந்திருக்குமா?

பயிற்சியாளர் மணி
7 ஏப்ரல் 2024, இரவு 10.40

பெரிய பெரிய மைதானங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் 14 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

போன வருடம் ஒரு போட்டிக்குப் போயிருந்தோம். என் கோல்கீப்பர் நல்ல கறுப்பு. கோலுக்குப் பின்னால் எதிரணிப் பையன்களின் அப்பாக்கள் நாலைந்து பேர். ஆட்டம் முழுக்க அவனைக் ‘கரிச்சட்டி’ என்றும் இன்னும் வேறு வார்த்தையிலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வேறு வார்த்தை என்றால் என்ன என்று உங்களுக்குப் புரியும், ஊர்ப் பெயரைக் கேட்டு அவனுடைய தெருவைத் தெரிந்துகொண்டு சொன்ன வார்த்தை. நடுவர் காதில் விழுந்தது, திரும்பிப் பார்த்தார், ஊதவில்லை. நான் நடத்துபவர்களிடம் போனேன். ‘விளையாட்டு என்றால் இதெல்லாம் சகஜம் சார், பையனைக் காதில் வாங்காமல் ஆடச் சொல்லுங்க’ என்றார்கள். நானும் திரும்பி வந்து அவனிடம் அதையேதான் சொன்னேன். அதற்கப்புறம் மூன்று வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை.

ஐரோப்பாவில் நடப்பதும் இதுவும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சேக் சார் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது. நான் செய்ய வேண்டியது என்னவாக இருந்தது? நடுவர் சார் சொல்லுங்கள்.

நெல்லை நடுவர்
8 ஏப்ரல் 2024, காலை 6.30

மணி அண்ணா, ராத்திரி படித்துவிட்டுத் தூங்கவில்லை. அந்த நடுவர் நானாக இருந்திருக்கலாம். அப்படி எத்தனையோ தடவை காதில் விழுந்து நான் ஊதாமல் விட்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. அணித்தலைவன் நடுவரிடம் முறையிட வேண்டும், பையன் இல்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி நடத்துபவரைக் கூப்பிட வேண்டும். கத்திய ஆள் வெளியே போகும் வரை பந்து உருளக் கூடாது. போக மறுத்தால் ஆட்டத்தைக் கைவிட்டு அறிக்கை எழுத வேண்டும். இதைப் போட்டிக்கு முன்னால் விதித்தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் நடுவருக்குத் தைரியம் வரும். எழுதாத விதியை நட்ட நடு ஆட்டத்தில் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஆதிரை
10 ஜூன் 2024, இரவு 7.50

இழையை மேலே கொண்டு வருகிறேன், செய்தி அப்படி.

மெஸ்டாயாவில் வினீசியஸைத் திட்டிய மூன்று பேருக்கு இன்று வலென்சியா நீதிமன்றம் 8 மாதச் சிறைத் தண்டனை விதித்திருக்கிறது, 2 வருடம் மைதானத்துக்குள் நுழையத் தடை. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் 12 மாதம் 8 ஆகக் குறைந்தது. மன்னிப்புக் கடிதமும் வாசித்தார்கள். கால்பந்து மைதானத்தில் இனவெறியோடு திட்டியதற்கு ஸ்பெயினில் குற்றத்தீர்ப்பு வருவது இதுவே முதல்முறை. இந்தத் தீர்ப்பு தனக்காக அல்ல, எல்லாக் கறுப்பு மக்களுக்காகவும் என்று வினீசியஸ் எழுதியிருக்கிறார்.

சட்டப் பிரிவைக் கவனியுங்கள். மனித கண்ணியத்தைக் குலைத்த குற்றம், அதில் இனவெறி நோக்கம் என்று தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். வெறுப்புக் குற்றம் என்று நேரடியாகச் சொல்லவில்லை. அந்தப் படி இன்னும் இருக்கிறது.

மின்னல் 10
10 ஜூன் 2024, இரவு 8.20

விரல் நீட்டிக் காட்டினாரே, அந்த ஆள் இதில் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. ஆனால் அன்று அவர் விரலை மடக்கிக்கொண்டு ஆடியிருந்தால் இந்த வழக்கே இல்லை. போன மார்ச்சில் நான் எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

ஆதிரை
17 ஜூன் 2025, காலை 11.00

ஒரு வருடம் கழித்து மறுபடியும் நான். போன மாதம் வயதோலித் நீதிமன்றம் ஐந்து பேருக்குத் தலா ஒரு வருடத் தண்டனை கொடுத்தது, 2022 டிசம்பர் ஆட்டத்தில் வினீசியஸைத் திட்டியதற்கு. இந்த முறை வெறுப்புக் குற்றம் என்றே தீர்ப்பில் எழுதியிருக்கிறது. நான் சொன்ன அடுத்த படி வந்துவிட்டது. இப்போது 2023 ஜனவரியில் மாட்ரிட் பாலத்தில் அவர் சட்டையைப் போட்டு ஒரு பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்ட நான்கு பேருக்கும் தண்டனை வந்திருக்கிறது. ஒருவருக்கு 22 மாதம், மற்ற மூவருக்கு 14 மாதம். இரண்டிலும் சிறை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, உள்ளே போக மாட்டார்கள். ஆனாலும் குற்றவாளி என்று பதிவாகிவிட்டது.

வியாசை விங்கர்
17 ஜூன் 2025, மதியம் 1.30

நன்றி ஆதிரை. பெர்னபேவ் ஆட்டம் நடந்த அந்த விடியற்காலை என்னிடம் யாராவது ‘எது பலிக்கும்’ என்று கேட்டிருந்தால் ஆட்டத்தைத்தான் சொல்லியிருப்பேன். இன்று கேட்டால் இந்தத் தீர்ப்புகளைச் சொல்வேன், சேக் சாரோடு நடந்து வெளியே போன அந்தப் பத்துப் பேரைச் சொல்வேன். ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

மணி அண்ணா, உங்கள் பையன் எப்படி இருக்கிறான்?

பயிற்சியாளர் மணி
17 ஜூன் 2025, இரவு 9.45

இப்போது 16 வயது அணியில் ஆடுகிறான். உயரம் கூடிவிட்டது, கிராஸ் பந்தைத் தைரியமாக வெளியே வந்து எடுக்கிறான்.

இந்தக் கோடையில் நாங்களே ஒரு போட்டி நடத்தினோம், 12 அணி. நடுவர் சார் சொன்ன விதியை ஆட்ட அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்தோம். அரையிறுதியில் ஒரு தடவை பயன்பட்டது. கத்தியவர் எங்கள் அணிப் பையன் ஒருவனின் சித்தப்பா, அதுதான் பெரிய சங்கடம். ஆட்டத்தை நிறுத்தினோம். அவர் போக மாட்டேன் என்று சண்டை போட்டார், வீட்டுக்காரர்கள் வந்து பேசினார்கள், கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதுவரை இரண்டு அணிப் பையன்களும் நடு வட்டத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு நிமிடம் ஆனது.

நடுவர் சார், இதில் ஒரு சந்தேகம். அந்த ஆறு நிமிடத்தைக் கூடுதல் நேரத்தில் சேர்க்க வேண்டுமா? எங்கள் நடுவர் சேர்க்கவில்லை, எதிரணிப் பயிற்சியாளர் கேட்டார்.

நெல்லை நடுவர்
17 ஜூன் 2025, இரவு 10.10

சேர்க்க வேண்டும் அண்ணா. ஆறும் முழுசாக.